ஓய்வு நிலைத் துடிப்பு

ஐம்பது மீட்டருக்குச் சுண்ணாம்புக் கோடு போட்டால்
அக்காள்மடத்தில் அது அரைமணி நேரம் நிற்கும்.
பிறகு கச்சான் அள்ளிக்கொண்டு போய்விடும்.
நான் அரூர்க்காரி. காற்றுக்குப் பெயர் உண்டென்பதே
இங்கே வேலைக்கு வந்த பிறகுதான் தெரியும்.

கச்சான் முதுகில் கைவைத்துத் தள்ள
முனியராசு எட்டு புள்ளி இரண்டு.
அதே முனியராசு, அதே கால்,
மறுமுனையிலிருந்து திரும்பி ஓடினால் பத்தரை.
இதில் எது அவன்?
படிவத்தில் ஒரு கட்டம்தான்.
வகுப்பே காற்றின் கட்சியில் நின்றது.
எட்டு புள்ளி இரண்டு போட்டேன்.

பள்ளியின் எடை இயந்திரம்
யார் ஏறினாலும் நாற்பத்தொன்று என்கிறது,
தலைமையாசிரியர் உட்பட.
ஆகவே வரிசையாக நண்டுக் கம்பெனிக்குப் போனோம்.
அங்கே தராசு கிராம் பிசகாது.
ஒவ்வொருவராய் ஏற ஏற, கணக்குப்பிள்ளை ஜெரோமியாஸ்
பழக்கதோஷத்தில் கூடையின் எடையைக் கழித்துக் கூவினார்.
எல்லாருக்கும் ஒன்றேகால் கிலோ குறைந்தது.
திரும்பக் கூட்டி எழுதினேன்.
"எங்க கிலோ என்ன விலைக்குப் போகும்?" என்றாள் டெல்சி.
"கூனி விலைதான்" என்றார், தலை நிமிராமல்.

முன்வளைவுச் சோதனைக்குப் பெட்டி வாங்கப் பணம் வரவில்லை.
மீன்பெட்டியைக் கவிழ்த்துத் தையல் டேப்பை ஒட்டினேன்.
கால் நீட்டி, முட்டி மடக்காமல், எட்டும்வரை எட்ட வேண்டும்.
பையன்கள் கால்விரலோடு நின்றுபோனார்கள்
அங்கே சுவர் எழுந்ததுபோல.
ஹினாயா தலைத்துணியை ஊசியால் இறுக்கிக்கொண்டு
டேப் முடிந்த பிறகும் போய்க்கொண்டே இருந்தாள்.
"போதும்டி, டேப் தீந்துபோச்சு."
"பெட்டி நாறுது டீச்சர்."
மூக்கு அதன்மேல்தான் இருந்தது.

அறுநூறு மீட்டர் ஓட்டத்தில், மூன்றாவது சுற்றில்,
இலங்கை உங்களை வரவேற்கிறது என்றது என் கைப்பேசி.
அந்தச் செய்திக்குப் பின்னால் போய்
ஒளிந்துகொண்டது நிறுத்துக்கடிகாரம்.
நான்கு பேருக்கு நேரம் இல்லை.
அவர்கள் அக்கரையே தொட்டிருந்தாலும் எனக்குத் தெரியாது.

கடைசிக் கட்டம் எளிது.
பூவரசு நிழலில் ஐந்து நிமிடம் பேசாமல் உட்காரவைத்து
கழுத்தில் இரண்டு விரல்,
பதினைந்து வினாடி எண்ணி, நாலால் பெருக்கு.
பதினெட்டு. இருபது. பத்தொன்பது.
நம்புச்செல்வி முப்பத்து மூன்று.
தப்பாக எண்ணினேனோ? மறுபடி.
முப்பத்து நான்கு.

"ஓடி வந்தியா?"
"இல்ல டீச்சர். காலையிலேர்ந்து உக்காந்தேதான் இருக்கேன்."
அவள் கண் மதில் சுவருக்கு மேலே இருந்தது.
சுவருக்கு மேலே தென்னை.
தென்னைக்கு அந்தப் பக்கம், தெரிந்தவரை, ஒன்றுமில்லை.
ஹினாயா என் காதுக்கு வந்தாள்:
"அவ அண்ணன் போன வள்ளம்
நேத்துப் பொழுதுசாயவே வந்திருக்கணும்."

நூற்று முப்பத்தாறு என்று தட்டினேன்.
இணையதளம் சிவப்பில் சொன்னது,
சரியான மதிப்பை உள்ளிடவும்.
மறுபடி தட்டினேன். மறுபடி சிவப்பு.
சரியான மதிப்புதாம்மா, என்றேன் அதனிடம்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்பே அவளை விட்டுவிட்டேன்.
மூன்று மணிக்கு ஜெட்டியிலிருந்து ஓடி வந்தாள்.
செருப்பில்லாமல், கச்சானை எதிர்த்து,
முக்கால் கிலோமீட்டர், எங்கும் நிற்காமல்.
பேச்சு வரவில்லை. கழுத்தை நீட்டினாள்.
"இப்ப... இப்ப எண்ணுங்க டீச்சர்."

நாற்பத்து மூன்று.

பெருக்கி, ஓட்டத்துக்குப் பின் என்ற கட்டத்தில் இட்டேன்.
முணுமுணுக்காமல் வாங்கிக்கொண்டது.
ஓய்வு நிலைக் கட்டம் இன்னும் காலி.
வியாழக்கிழமை கடைசித் தேதி.